கூடையில் இருப்பதைச் சமைப்பது: பருவ விளைச்சலுக்குப் புதியவர்களுக்கு

பருவத்துக்கேற்பச் சமைப்பது என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியம், எந்த மாதத்தில் எந்தக் காய் விளையும் என்ற பட்டியலை அச்சிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியதுதான். பட்டியல்படி அது காலிஃபிளவர் மாதம். சந்தைக்குப் போனால் ஒரு காலிஃபிளவர்கூட இல்லை. அந்த ஆண்டு மழை தள்ளிப்போயிருந்தது, நடவும் கூடவே தள்ளிப்போயிருந்தது. சுற்றிலும் முள்ளங்கி மலையாகக் குவிந்திருந்தது. முள்ளங்கியை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

பட்டியலைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். சமையல் குறிப்பைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டு வாங்கப் போவது, எல்லா நாளும் எல்லாமும் கிடைக்கும் கடைக்குப் பொருந்தும். அருகில் விளைந்ததைச் சமைக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டும், பிறகு வாங்க வேண்டும், என்ன சமைப்பது என்ற யோசனை கடைசியில்தான் வர வேண்டும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது.

முதல் படி: வாங்காமல் ஒரு சுற்று

சந்தைக்குப் போனதும் பையைத் திறக்காமல் ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். ஒரு காய் பருவத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒரே ஒருவரிடம் இல்லாமல் விற்பவர்களில் பெரும்பாலோரிடமும் அது இருக்கும். அடுக்கி வைக்காமல் குவித்துப் போட்டிருப்பார்கள். போன வாரத்தைவிட விலை இறங்கியிருக்கும். சிறியது, பெரியது, கோணலானது என்று எல்லா அளவிலும் கலந்து கிடக்கும். ஒரே அளவில் பொறுக்கி எடுத்து அட்டைப்பெட்டியில் வரிசையாக இருக்கிறதென்றால் தொலைவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மாதத்தை நம்பாதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குளிர், வசந்தம், கோடை, இலையுதிர் என்று நான்காகப் பிரிவது மிதவெப்பப் பகுதிகளில்தான். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் மழைக்காலமும் வறண்ட காலமுமே பருவங்கள். அதிலும் உயரம் ஒரு தனிக் கணக்கு. கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் முட்டைக்கோஸ் முடிந்து போன பிறகும் மேலே அது செழித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அருகில் விளைவது எல்லாம் பருவத்தில் விளைவது ஆகாது. சூடேற்றிய பசுமைக்குடிலில் பனிக்காலத்தில் விளைந்த தக்காளி அருகிலேயே விளைந்ததாக இருக்கலாம், பருவத்துத் தக்காளி ஆகிவிடாது.

சுற்றி முடித்த பிறகு, விளைவித்தவரே விற்கிறார் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது பறித்தது? இன்னும் எத்தனை வாரம் வரும்? அடுத்து என்ன வரப்போகிறது? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் உண்மையான பட்டியல். அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டு எழுதினால், அச்சிட்ட எந்த அட்டவணையும் அந்த நோட்டுக்கு ஈடாகாது.

இரண்டாம் படி: பிஞ்சா, முற்றலா?

என்னைக் கேட்டால் பருவச் சமையலில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. ஒரு காயின் பருவம் என்பது திறந்து மூடும் கதவு இல்லை. வரத்து தொடங்கும்போது ஒன்றாகவும், உச்சத்தில் வேறாகவும், ஓயும்போது மூன்றாவதாகவும் அதே காய் நடந்துகொள்ளும். பிஞ்சு, காய், செங்காய், பழம், முற்றல் என்று தமிழில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் இருக்கிறது. அடுப்பில் நிற்கும்போது அந்தச் சொற்கள் வெறும் சொற்களாக இருப்பதில்லை, எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன.

பீன்ஸை எடுத்துக்கொள்வோம். ஒன்றைக் கையில் எடுத்து ஒடியுங்கள். படீரென்று ஒலி எழுப்பி, முறிந்த இடத்தில் ஈரம் மினுங்கினால் பிஞ்சு. கொதிக்கும் உப்புநீரில் நான்கைந்து நிமிடம் போதும். ஒடியாமல் வளைந்து, பிறகு நார் இழுத்துக்கொண்டு பிரிந்தால் முற்றத் தொடங்கிவிட்டது. இரு ஓரத்திலும் நாரை உரித்துவிட்டு, சிறியதாக நறுக்கி, மூடி போட்டுக் குறைந்த தீயில் நேரம் கொடுத்து வேக வைக்க வேண்டும். தோலுக்கு மேலே விதைகளின் புடைப்பு முண்டுமுண்டாகத் தெரிகிறதா? அப்போது தோலை மறந்துவிடுங்கள். விதையை மட்டும் உரித்தெடுத்து, பயறு போல வேக வைத்துச் சாப்பிடலாம். ஒரே செடி, சில வாரங்களுக்குள் மூன்று சமையல்.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பாருங்கள். வெண்டைக்காயின் நுனி சட்டென்று முறிய வேண்டும். கத்தரிக்காய் பளபளப்போடு இருக்க வேண்டும். பளபளப்பு மங்கிவிட்டால் உள்ளே விதை முற்றியிருக்கும்; அதைத் துண்டு போட்டு வதக்குவதைவிட முழுதாக நெருப்பில் சுட்டுத் தோலுரித்து மசிப்பது நல்லது. முள்ளங்கி கனமாக இருக்க வேண்டும். தோற்றத்தில் பெரியதாகவும் கையில் லேசாகவும் இருந்தால் உள்ளே பஞ்சாகிவிட்டது. கீரை பூக்கத் தொடங்கினால் தண்டு நார் தட்டும், இலையில் கசப்பு ஏறும். அப்போது தண்டைத் தள்ளி, இலையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்ப் பகுதிகளில் இதற்கு நேர்மாறான இன்பமும் உண்டு. உறைபனி பட்ட கேரட்டும் முட்டைக்கோஸும் பனிக்கு முன்பு இருந்ததைவிட இனிக்கும். உறைந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அப்படிப்பட்ட கேரட்டுக்கு எண்ணெயும் உப்பும் சூடான அடுப்பும் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை.

மக்காச்சோளமும் பட்டாணியும் எதிர்த்திசையில் ஓடுபவை. பறித்த நொடியிலிருந்து அவற்றின் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகம். காலையில் பறித்ததை அன்று மாலையே சாப்பிடுபவருக்குக் கிடைக்கும் இனிப்பு மூன்று நாள் கழித்துச் சாப்பிடுபவருக்குக் கிடைக்காது. அதனால் இந்த இரண்டையும் ‘இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாங்காதீர்கள். சமைக்கும் நாளன்று வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. சுரைக்காய், பூசணி, வெள்ளரி ஆகியவற்றைச் சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகக் கடுங்கசப்பாக இருந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளின் கசப்பு அது. வேக வைத்தாலும் போகாது. வயிற்றை மோசமாகக் கெடுக்கக்கூடியது. இயல்பிலேயே கசக்கும் பாகற்காயை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம்

பையை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில்தான் வாரம் முழுவதற்குமான சமையல் தீர்மானமாகிறது.

தழையோடு வாங்கிய கேரட், பீட்ரூட், முள்ளங்கியிலிருந்து தழையை உடனே வெட்டிப் பிரித்துவிடுங்கள். பறித்த பிறகும் இலை வழியாக நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், அந்த நீரைக் கிழங்கிலிருந்துதான் அது இழுக்கும். மறுநாள் கிழங்கு ரப்பர் போல வளைவதற்கு இதுதான் காரணம். வெட்டிய தழையை எறிய வேண்டாம். முள்ளங்கித் தழையும் பீட்ரூட் தழையும் நல்ல கீரை. நான் பல வருடம் குப்பையில் போட்டுவிட்டு, கீரையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

கீரையின் வேரை நறுக்கி, அழுகிய இலைகளைப் பொறுக்கிவிட்டு, சற்றே ஈரமான துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடிவிட்டதென்றால் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் மூழ்க விட்டுப் பாருங்கள். நீரை உறிஞ்சி இலை மீண்டும் நிமிர்ந்துவிடும். மஞ்சளாகிவிட்டதை மட்டும் மீட்க முடியாது.

எல்லாக் காய்க்கும் ஃபிரிட்ஜ் ஒத்துக்கொள்ளாது. தக்காளியை ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் மணம் போய்விடும். பழுக்காத தக்காளி பிறகு சரியாகப் பழுக்கவே பழுக்காது. வெள்ளரியும் கத்தரிக்காயும் கடுங்குளிரில் குழிகுழியாகிக் கெடும். சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் எவ்வளவு வெந்தாலும் நடுவே ஒரு கட்டி வேகாமல் நிற்கும். உருளைக்கிழங்கின் மாவு அங்கே சர்க்கரையாகி, வறுக்கும்போது சட்டென்று கருகும். உருளைக்கு வேண்டியது இருட்டும் காற்றும். வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்த பகுதியை ஆழமாகச் சீவி எறிய வேண்டும், கசந்தால் முழுவதையும் எறிய வேண்டும்.

பழுக்கும் பழங்களிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளியேறும். வாழைப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளி இவற்றோடு கேரட்டையோ கீரையையோ ஒரே கூடையில் வைத்தால் கேரட் கசக்கும், கீரை மஞ்சளாகும். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். செங்காயாக இருக்கும் தக்காளியை ஒரு காகிதப் பையில் போட்டு, கூடவே ஒரு வாழைப்பழத்தை வைத்து மூடினால் சீக்கிரம் பழுக்கும்.

நான்காம் படி: எது முதலில்?

இனிதான் என்ன சமைப்பது என்ற கேள்வி. மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி, எது முதலில் கெடும் என்று பாருங்கள். கீரை, தழை, சோளம், பட்டாணி முதல் இரண்டு நாட்களுக்கு. பீன்ஸ், வெண்டை, கத்தரி, வெள்ளரி வாரத்தின் நடுவில். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் வாரக் கடைசிக்கு. பூசணியும் வெங்காயமும் உருளையும் அவசரமே படாதவை, அவற்றை எண்ண வேண்டாம். இந்த வரிசைதான் உங்கள் வாரத்தின் சமையல் திட்டம். இதற்கு மேல் நுணுக்கமாகத் திட்டமிட்டவர்கள் அதைக் கடைப்பிடித்ததாக நான் பார்த்ததில்லை.

சமையல் குறிப்பில் இருக்கும் காய் உங்களிடம் இல்லையென்றால், அதைப் போலவே நடந்துகொள்ளும் இன்னொன்றைப் போடுங்கள். நிறமோ வடிவமோ ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், வெப்பத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். நீர் விட்டுச் சுருங்குபவை ஒரு கூட்டம்: கீரை வகைகள். நீர் நிறைந்து, சீக்கிரம் குழைபவை இன்னொரு கூட்டம்: சுரைக்காய், பூசணிப் பிஞ்சு, தக்காளி. மாவுப் பிடிப்போடு சாற்றைக் கெட்டியாக்குபவை: உருளை, சர்க்கரைவள்ளி, முற்றிய பூசணி. இறுகி நின்று நேரம் கேட்பவை: கேரட், பீட்ரூட், முள்ளங்கி. ஒரே கூட்டத்துக்குள் மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது. கூட்டம் விட்டுக் கூட்டம் மாற்றினால் நீரின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

புதியவர்கள் கைவசம் வைத்துக்கொள்ள ஓர் அடிப்படை முறை சொல்கிறேன். வெங்காயத்தை எண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்குங்கள். இறுகிய காயை முதலில் போட்டு, உப்பு சேர்த்து, மூடி வைத்துப் பாதி வேக விடுங்கள். பிறகு சீக்கிரம் குழையும் காய். இலை எல்லாவற்றுக்கும் கடைசியில். புளிப்பு எதுவானாலும், தக்காளியோ எலுமிச்சையோ, காய் முக்கால்வாசி வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு சீக்கிரம் சேர்ந்தால் காயும் பயறும் இறுகிக்கொண்டு வேகாமல் நிற்கும், பச்சைக் காயின் நிறமும் பழுப்பாகிவிடும். இறக்கிய பிறகு பச்சையாக ஏதாவது தூவுங்கள்: மெல்லியதாகச் சீவிய முள்ளங்கி, நறுக்கிய தழை, வறுத்த விதை. கூடையில் எது இருந்தாலும் இந்த முறையில் உட்காரும்.

ஐந்தாம் படி: மூன்றாவது வாரச் சலிப்பு

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பருவம் வந்துவிட்டால் அதே காய்தான் வாரம் தவறாமல் வரும். மூன்றாவது வாரம் வீட்டில் முகம் சுளிப்பார்கள். நீங்களும் சுளிப்பீர்கள்.

மசாலாவை மாற்றுவதுதான் முதலில் தோன்றும். அதைவிட வெட்டும் விதத்தையும் வெப்பத்தையும் மாற்றிப் பாருங்கள். முட்டைக்கோஸை நூலாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்து பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பான பச்சைக் கலவை. அதையே தண்டோடு நான்காகப் பிளந்து, அதிகச் சூட்டில் வெட்டிய பக்கம் கருகும்வரை வாட்டினால் இனிப்பும் புகைமணமும் சேர்ந்து, முற்றிலும் வேறொரு காய். குறைந்த தீயில் ஒரு மணி நேரம் விட்டால் வெண்ணெய் போலக் குழைந்து மூன்றாவது காய். நீரில் போட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கந்தக வாசம் எழும்பும். முட்டைக்கோஸைப் பிடிக்காதவர்களில் பலர் வெறுப்பது அந்த வாசத்தைத்தான்.

ஆறாம் படி: மிஞ்சியதைச் சேமிப்பது

உச்சத்தில் விலை தரையைத் தொடும். ஆசையில் பத்து கிலோ தக்காளி வாங்கி, நான்கு கிலோவை அழுக விட்டவன் நான். சேமிப்பதற்கென்று வாங்கினால் அன்றைக்கே சேமித்துவிடும் அளவு மட்டும் வாங்குங்கள்.

தக்காளியில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். ஐந்து கிலோவில் திடப்பொருள் கால் கிலோதான். அகலமான பாத்திரத்தில் மூடாமல் வற்றவிட்டு ஒரு கிலோவாக்கினால், பாத்திரத்தில் இருப்பது கெட்டியான விழுது. கரண்டியை இழுத்தால் அடிப்பாகம் தெரிந்து, கோடு மெதுவாக மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். கடைசி அரை மணி நேரம் அடுப்பை விட்டு அகலாதீர்கள், அடிபிடிப்பது அப்போதுதான். விதையைச் சுற்றியுள்ள கூழையும் சேர்த்தே வற்ற வையுங்கள். தக்காளிக்கு நாவூறும் சுவையைக் கொடுக்கும் குளுட்டமேட் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம். ஆறியதும் சிறு சிறு பங்காக ஃப்ரீசரில் வைக்கலாம்.

பீன்ஸ், பட்டாணி, கீரை போன்றவற்றை அப்படியே உறைய வைத்தால் சில வாரங்களில் நிறமும் சுவையும் கெடும், காயிலுள்ள நொதிகள் உறைந்த பிறகும் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். நன்றாகக் கொதிக்கும் நீரில் பீன்ஸை 3 நிமிடம், கீரையை 2 நிமிடம், பட்டாணியை ஒன்றரை நிமிடம் போட்டெடுத்து, அதே அளவு நேரம் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துங்கள். அரை கிலோ காய்க்கு நான்கு லிட்டர் நீராவது வேண்டும். ஈரத்தை நன்றாகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் தாராளமாகத் தாங்கும்.

முட்டைக்கோஸ் மிஞ்சினால் உப்பு போதும். ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. சீவிப் பிசைந்து, அது விடும் நீரிலேயே முழுவதும் மூழ்கும்படி ஜாடியில் அழுத்தி, மேலே எடை வைத்து, காற்று வெளியேற இடம் விட்டு மூடுங்கள். இருபது டிகிரியையொட்டிய வெப்பத்தில் மூன்று நான்கு வாரத்தில் புளிக்கும், வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். நீருக்கு மேலே தலை நீட்டும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும்.

காய்களைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்து அலமாரியில் சேமிப்பதைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். புளிப்புக் குறைந்த காய்களில், அதாவது பி.எச். அளவு (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) 4.6க்கு மேல் உள்ளவற்றில், காற்றில்லாத புட்டிக்குள் போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். அதன் வித்துக்கள் கொதிநீரின் சூட்டைத் தாங்கிவிடும். எண்ணெயில் ஊற வைத்த பூண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. அதை ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

ஏழாம் படி: கூடை காலியாகும் வாரங்கள்

ஒரு பருவம் ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் சில வாரங்கள் சந்தை வெறிச்சோடும். புதியவர்களில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உலர்ந்த பயறும், அலமாரியில் இருக்கும் கிழங்கும், ஃப்ரீசரில் இருக்கும் விழுதும் அப்போதைக்குத்தான். பயறை முளைகட்டினால் இரண்டு மூன்று நாளில் சமையலறையிலேயே பச்சை விளைச்சல் கிடைக்கும், லேசாக வேக வைத்துச் சாப்பிடுங்கள். சிவப்பு ராஜ்மாவை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். இரவு முழுவதும் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும்.

இந்த வாரங்களுக்கென்றே ஒன்று சொல்லி வைக்கிறேன். பூசணி உச்சத்தில் இருக்கும்போது நன்றாக முற்றிய ஒன்றைக் காம்போடு வாங்குங்கள். நகத்தால் கீறினால் தோலில் தடம் விழக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், முறிந்தால் அந்தக் காயத்தின் வழியாகவே அழுகல் உள்ளே போகும். குளிர்ந்த, காய்ந்த மூலையில், வெறும் தரையில் படாமல் ஒரு பலகை மேல் வைத்து, வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும்.